பழைய ஹோம்லைட் எக்ஸ்எல்-12 செயின்சா: கிடைக்காத உதிரிபாகங்களுக்கு எவற்றை மாற்றாகப் போடலாம்?

கேள்வி: உளிமுனை

வணக்கம். என்னிடம் ஒரு ஹோம்லைட் எக்ஸ்எல்-12 செயின்சா இருக்கிறது. 1960-களில் சந்தைக்கு வந்த மாதிரி. 54 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மக்னீசிய வார்ப்பு உடல், ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு), பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பொறி உண்டாக்கும் முறை), டில்லட்சன் நிறுவனத்தின் எச்எஸ் வகைக் கார்புரேட்டர். பாரும் (செயின் ஓடும் நீண்ட தகடு) செயினும் நீங்கலாக 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5.4 கிலோ எடை என்பதால்தான் பெயரில் அந்த எண் வந்தது. இதை அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக அல்ல, மரம் அறுப்பதற்காகவே சரிசெய்ய விரும்புகிறேன்.

தற்போதைய நிலை இது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் எஞ்சின் நன்றாகத் தாங்கி நிற்கிறது. ஆகவே கம்ப்ரஷன் ஓரளவு இருக்கிறது என்று கருதுகிறேன். கார்புரேட்டரின் வாயில் சில துளி பெட்ரோல் விட்டால் பற்றிக்கொண்டு சில விநாடிகள் ஓடி அணைந்துவிடுகிறது. அரிதாக ஐடிலில் (சுமையற்ற குறைந்த வேகத்தில்) நிற்கும்போது, ஒரு பக்கமாகச் சாய்த்தால் வேகம் தானாக ஏறிவிடுகிறது. பிளக்கில் பொறி வருகிறது, ஆனால் வெளிறிய மஞ்சளாகவும் விட்டுவிட்டும் வருகிறது. எரிபொருள் குழாய் கல் போல் இறுகிவிட்டது.

தயாரித்த நிறுவனத்தின் பாகங்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. பொதுச் சந்தையில் கிடைக்கும் ஆயில் சீல், பேரிங், குழாய், ஸ்க்ரூ முதலியவற்றை எந்த அளவுக்கு நம்பிப் போடலாம்? பாயின்டை நீக்கிவிட்டு மின்னணு மாட்யூல் பொருத்துவது நல்லதா? எந்தப் பாகத்தில் மாற்றுப் பொருளைத் தொடவே கூடாது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பட்டறைக்குறிப்பு

வணக்கம், உளிமுனை. பாகங்களைத் தேடுவதற்கு முன் எஞ்சினைக் காற்றழுத்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். சாய்த்தால் வேகம் ஏறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) எங்கிருந்தோ வெளிக்காற்று நுழைகிறது என்பதற்கான வலுவான அறிகுறி. கார்புரேட்டரைப் புதிதாக மாற்றினாலும் அந்தக் கசிவு நீங்காது. கலவை மெலிந்து, ஒரு நாள் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

சோதனை எளிது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தகடு வைத்து அடைக்க வேண்டும். கார்புரேட்டர் அமரும் இடத்தையும் அவ்வாறே அடைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பினால் 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். குறைந்தது 20 விநாடி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால், சோப்பு நீரை கிராங்க்கின் இரு முனைகளிலும், சிலிண்டரின் அடி கேஸ்கட்டிலும், கிராங்க்கேஸ் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். பிறகு இதே சோதனையை 0.5 பார் வெற்றிடத்திலும் செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் முதிர்ந்தால், அதன் உதடு உள்ளழுத்தம் இருக்கும்போது தண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வெற்றிடம் வரும்போது விலகிக் காற்றை விடும். ஓடும் எஞ்சினில் இரண்டு நிலைகளும் மாறிமாறி வருகின்றன.

எரிபொருள் வழியில் மாற்றுப் பொருள்களுக்குத் தாராளமாக இடம் உண்டு. அச்சில் வார்த்த பழைய குழாய்க்குப் பதிலாக, அதே உள்விட்டமுள்ள டைகான் எரிபொருள் குழாயையோ வைட்டான் (எரிபொருளைத் தாங்கும் ரப்பர்) குழாயையோ பயன்படுத்தலாம். ஆனால் டாங்கின் சுவரைக் குழாய் துளைத்துச் செல்லும் இடத்தில் வெளிவிட்டமும் பொருந்த வேண்டும். தளர்ந்தால் அங்கே எரிபொருள் கசியும். டாங்க்குக்குள் கிடக்கும் முனை, ஃபில்டரோடு சேர்த்து எல்லா மூலைகளுக்கும் தாராளமாக வளைந்து செல்ல வேண்டும். விறைப்பான குழாயைப் போட்டால், செயின்சாவைப் பக்கவாட்டில் திருப்பி அறுக்கும்போது ஃபில்டர் மேலேயே நின்றுவிடும்.

டாங்க் காற்றுவழியையும் பாருங்கள். இந்த வரிசை ஹோம்லைட்களில் வாத்து அலகு போன்ற சிறிய ரப்பர் வால்வு இருக்கும். காற்றை உள்ளே விட்டு, எரிபொருளை வெளியே விடாமல் தடுப்பது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் டாங்க்கில் வெற்றிடம் உருவாகி, சிறிது நேரம் ஓடியபின் எஞ்சின் பட்டினியால் நின்றுவிடும். எரிபொருளைத் தாங்கும் ரப்பரில் செய்த, அதே பருமனுள்ள எந்த ஒருவழி வால்வும் இந்த வேலையைச் செய்யும். வேறு கருவிக்கென்று விற்கப்படுவதைப் பொருத்துவதில் தவறொன்றும் இல்லை.

கார்புரேட்டரைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: உடல் அரிக்கப்படாத வரை பழைய டில்லட்சனையே வைத்துக்கொள்ளுங்கள். எச்எஸ் வகைக்கான டயஃப்ரம், ஊசி, கேஸ்கட் அடங்கிய கிட் இன்றும் தயாராகிறது. மீட்டரிங் பக்கத்தில் (எரிபொருள் அளவாக விடப்படும் பக்கம்) முதலில் கேஸ்கட், அதன்மேல் டயஃப்ரம் என்ற வரிசை மாறக் கூடாது. ஊசியைத் தூக்கும் நெம்புகோலின் முனை அறையின் தரையோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு இரும்பு அளவுகோலின் விளிம்பை வைத்துப் பார்த்தாலே தெரியும். முனை தாழ்ந்திருந்தால் எஞ்சின் எரிபொருள் போதாமல் தவிக்கும், உயர்ந்திருந்தால் வெள்ளமாகும். வேறு கார்புரேட்டர் போட்டே ஆக வேண்டுமென்றால், போல்ட் இடைவெளியையும் வெஞ்சுரி (காற்று செல்லும் குறுகிய வழி) விட்டத்தையும் மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடாதீர்கள். கிராங்க்கேஸ் துடிப்பைக் கார்புரேட்டரின் பம்புக்குக் கொண்டுசெல்லும் சிறு துளை, கேஸ்கட் வழியாகவும் ஃபிளாஞ்ச் வழியாகவும் நேர்கோட்டில் அமைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் துளை மறைந்துவிட்டால் பம்ப் எரிபொருளை இழுக்காது. நீங்கள் விவரித்த அதே அறிகுறி, வாயில் ஊற்றினால் ஓடி அணைவது, புதுக் கார்புரேட்டரிலும் தொடரும்.

பதில்: தீப்பொறி54

இக்னிஷன் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சள் பொறியைக் கண்டவுடன் காயிலை (உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) குறை சொல்ல வேண்டாம். நீண்டகாலம் ஓடாமல் கிடந்த பாயின்டின் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்துவிடும். பிளைவீலைக் கழற்றி, மிக நுண்ணிய தேய்ப்புத்தாளை இரு முகங்களுக்கு இடையே விட்டு இழுத்து, பின் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை, கறை வராத வரை, இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். பிளைவீலை எடுக்கும்போது திருப்புளியால் மக்னீசிய உடலில் ஊன்றி நெம்பாதீர்கள். இழுவான் கருவியே முறையானது. மீண்டும் பொருத்தும்போது காயில் கால்களுக்கும் காந்தத்துக்கும் இடையே 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடைவெளி வையுங்கள். விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் வைத்து இறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு கிடைத்துவிடும்.

பாயின்டின் முகங்களில் பொறி எழாமல் காக்கும் கண்டென்சர்தான் இந்தப் பகுதியில் அதிகம் பழுதாகும் பொருள். அதே வடிவில் கிடைக்கவில்லை என்றால், 0.2 மைக்ரோஃபாரட் அளவிலான, 400 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் பாலிபுரோப்பிலீன் கெப்பாசிட்டர் நல்ல மாற்று. பாயின்ட் திறக்கும் கணத்தில் பிரைமரிச் சுற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழுவதால், குறைந்த வோல்ட் தாங்கும் மலிவான வகை விரைவில் சிதைந்துவிடும். அதிர்விலும் வெப்பத்திலும் கம்பி அறுந்துபோகாதபடி எபாக்சியில் பதித்து, ஒரு முனையை உடலோடு நன்கு எர்த் செய்யுங்கள்.

இனி மின்னணு மாட்யூல். பாயின்ட், கண்டென்சர் ஆகிய இரண்டின் வேலையையும் செய்து, பழைய காயிலையே பயன்படுத்தும் சிறிய பெட்டிகள் கிடைக்கின்றன. பிளைவீலுக்கு அடியில் ஈரமும் தூசியும் புகும் செயின்சாக்களில் இவை மிகவும் பயன்படும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவதாக, காயில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். செகண்டரிச் சுருளின் (பிளக்குக்குச் செல்லும் சுருள்) மின்தடை சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும், முடிவிலி காட்டினால் மாட்யூல் அதைக் காப்பாற்றாது. இரண்டாவதாக, பாயின்ட் ஒரு இயந்திரக் கோணத்தில் திறப்பது, மாட்யூலோ காயிலில் எழும் மின்னழுத்தத்தை உணர்ந்து சுடுவது. எனவே டைமிங் சற்று நகரலாம். பொருத்தியபின் டைமிங் விளக்கால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கயிறு இழுக்கும்போது திருப்பி உதைத்தால், கம்பி இணைப்பின் திசை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாயின்ட் நல்ல நிலையில் இருந்தால் நான் அதை மாற்ற மாட்டேன். சுத்தம் செய்து, கேமைத் தொடும் நார்த்துண்டில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் நீண்டகாலம் உழைக்கும். பாயின்டின் முகம் குழிந்து, மாற்றும் கிடைக்காத நிலையில் மட்டுமே மாட்யூல்.

ஸ்பார்க் பிளக் வாங்கும்போது, நூல் (திருகுப் பள்ளம்) நீளம் 9.5 மில்லிமீட்டரா, தட்டையான வாஷரோடு அமரும் வகையா, கூம்பாக அமரும் வகையா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 14 மில்லிமீட்டர் நூல் என்பது மட்டும் போதாது. சாம்பியன் சிஜே8-க்கு என்ஜிகே பிஎம்6ஏ பொருந்தும்.

பதில்: உதட்டுமுகம்

சீல், பேரிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆயில் சீலுக்கு நிறுவனத்தின் பெயர் தேவையே இல்லை; அதற்கு மூன்று அளவுகள்தான் அடையாளம்: தண்டின் விட்டம், அமரும் குழியின் விட்டம், அகலம். பழைய சீலை அளக்காமல் தண்டையும் குழியையும் அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் முதிர்ந்த ரப்பர் சுருங்கியிருக்கும். அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். ஐந்தெட்டு அங்குலத் தண்டு 15.875 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் சீலின் உதடு அந்தச் சிறு வித்தியாசத்தை ஸ்பிரிங்கின் உதவியால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் வெளிவிட்டத்தில் சமரசம் கூடாது. குழியில் இறுக்கமாக அமராத சீல், எஞ்சின் சூடேறியதும் நகர்ந்து வெளியே வந்துவிடும். அகலம் சற்றுக் குறைவாக இருப்பது தீங்கில்லை. சில நேரம் அது நன்மையும் கூட. பழைய உதடு தண்டில் மெல்லிய பள்ளம் கீறியிருந்தால், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமர்த்திப் புதிய பரப்பில் ஓடச் செய்யலாம்.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15 மில்லிமீட்டர் தண்டு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுழன்றால் உதட்டின் கீழ் வேகம் விநாடிக்கு 9.4 மீட்டர். சாதாரண நைட்ரைல் ரப்பரின் வரம்பை இது நெருங்குகிறது. நைட்ரைல் 100 டிகிரிக்கு மேல் மெல்ல இறுகவும் தொடங்கும். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும், எத்தனால் கலந்த பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் அளவு ஒன்றே என்பதால், கிடைத்தால் வைட்டானையே தேர்ந்தெடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கேஸை நோக்கி இருக்க வேண்டும். பொருத்துமுன் தண்டின் சாவிப்பள்ளத்தையும் நூலையும் மெல்லிய டேப்பால் சுற்றுங்கள். இல்லையெனில் புது உதடு உள்ளே போகும்போதே கிழிந்துவிடும்.

பந்து பேரிங்குகளும் உலகப் பொது அளவுகளில் வருபவையே. 6201, 6202, 6203 என்ற எண்கள் பல பழைய செயின்சாக்களில் காணப்படும். ஓரத்தில் பொறித்துள்ள எண்ணைப் படித்து, சி3 இடைவெளி (வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான உள் இடைவெளி) உள்ளதைக் கேளுங்கள். கிராங்க் சூடேறி விரிந்தபின்னும் பந்துகள் சுதந்திரமாக உருள அந்தக் கூடுதல் இடைவெளி வேண்டும். ரப்பர் மூடியோடு வந்தால் மூடியையும் உள்ளிருக்கும் கிரீஸையும் நீக்கிவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது, மூடி அதை மறித்துவிடும்.

ஸ்க்ரூக்களில் மிகுந்த கவனம் தேவை. 10-24 என்ற அமெரிக்க அங்குல அளவு நூலுள்ள துளையில் எம்5 ஸ்க்ரூ ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும். 10-24-இன் விட்டம் 4.83 மில்லிமீட்டர், பிட்ச் (அடுத்தடுத்த நூல்களின் இடைவெளி) 1.06, எம்5-இன் பிட்ச் 0.8. மேலும் திருகினால் மக்னீசிய நூல் முழுவதும் பொடிந்து வந்துவிடும். நூல் ஏற்கெனவே போயிருந்தால் ஹெலிகாயில் (கம்பிச்சுருள் நூல்) செருகுவது அசல் நூலைவிட வலுவான தீர்வு. துளையிடும்போது மெதுவான வேகத்தில் செய்து, வரும் தூளை உடனுக்குடன் அகற்றுங்கள்; மக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது, தண்ணீர் அதை மேலும் மூர்க்கமாக்கும். உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கட்டைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். சிலிண்டர் அடியில் மட்டும் பழையதன் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து அதே கனத்தைப் போடுங்கள். அறை உச்சிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஈயக்கம்பியை நசுக்கி அளந்தால் 0.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண சிலிகான் பசை பெட்ரோலில் ஊதி உரிந்துவிடும். அதை எஞ்சினின் எந்த இணைப்பிலும் பயன்படுத்தாதீர்கள்.

மறுமொழி: உளிமுனை

மூவருக்கும் நன்றி. சோதனை செய்தேன். அழுத்தத்தில் முள் நன்றாகவே நின்றது. வெற்றிடத்தில் விரைவாக இறங்கியது. பிளைவீல் பக்கச் சீலைச் சுற்றி எண்ணெய் தடவியதும் இறக்கம் நின்றது, ஆகவே குற்றவாளி யார் என்பது தெளிவாகிவிட்டது. பாயின்டைச் சுத்தம் செய்தபின் பொறி நீலமாக வருகிறது.

எக்ஸாஸ்ட் வாய் வழியாகப் பார்த்தபோது, பிஸ்டனின் ஒரு பக்கத்தில் மெல்லிய கீறல்களும், சிலிண்டர் சுவரில் அதற்கு நேராக அலுமினியப் பூச்சு போன்ற படிவும் தெரிகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதை நீக்கலாம் என்று சொல்கிறார்கள். செய்யலாமா? பிஸ்டனையும் ரிங்கையும் வேறு எஞ்சினிலிருந்து எடுக்க முடியுமா? செயின், பார் பற்றியும் யாரேனும் எழுதினால் நன்று.

பதில்: பட்டறைக்குறிப்பு

அமிலத்தைத் தொடுவதற்கு முன் சுவரின் பூச்சு எது என்று முடிவு செய்ய வேண்டும். அக்காலத்து அலுமினிய சிலிண்டர்களில் பெரும்பாலும் கடின குரோமியப் பூச்சு இருக்கும். பின்னாளில்தான் நிக்கசில் (நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சு) பரவியது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைக்கும். அலுமினியத்தை நீக்கப் போய்ப் பூச்சை இழந்துவிட்டால் சிலிண்டர் போயிற்று. குரோமியச் சுவருக்கு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலே பொருத்தமானது. அது அலுமினியத்தைக் கரைக்கும், குரோமியத்தைத் தொடாது. ஆனால் போர்ட்டுகளின் விளிம்பில் தெரியும் வெறும் அலுமினியத்தையும் அது தின்னும் என்பதால், பஞ்சுக்குச்சியில் தோய்த்துப் படிவின் மேல் மட்டும் தடவுங்கள். நுரை எழும்புவது ஹைட்ரஜன். திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். நுரை நின்றதும் ஏராளமான நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கும் சிக்கவில்லை என்றால் சிலிண்டர் பிழைத்தது. குரோமியச் சுவரை ஹோனிங் கல்லால் தேய்க்காதீர்கள்.

ரிங்குக்கு மாற்று தேடுவது சாத்தியமே. விட்டமும் கனமும் பொருந்த வேண்டும். ரிங் முனைகளின் வடிவம், பிஸ்டனில் உள்ள நிறுத்து ஊசிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஊசியில் உட்காராத ரிங்கின் முனை போர்ட்டில் சிக்கி உடையும். முனை இடைவெளி 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்ற கணக்கு போதும். குரோமிய முகமுள்ள ரிங்கைக் குரோமியச் சுவரில் ஓட்டக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று பிய்த்துவிடும். அங்கே வெறும் வார்ப்பிரும்பு ரிங் வேண்டும்.

பிஸ்டன் கடினமான பகுதி. விட்டம், பிஸ்டனைத் தாங்கும் ஊசியின் விட்டம், அந்த ஊசியிலிருந்து உச்சி வரையிலான உயரம், பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) வடிவம் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்துக்குள் இது எளிதாக அமையும். ஹஸ்க்வர்னா 61, 268, 272 ஆகியவை 34 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கைப் பகிர்ந்துகொள்வதால், 48 மில்லிமீட்டர் சிலிண்டர் இருந்த இடத்தில் 52 மில்லிமீட்டர் சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனையும் அமர்த்திப் பலர் 61.5 சிசியை 72.2 சிசியாக்கியிருக்கிறார்கள். உங்கள் மாதிரிக்கும் அதே ஹோம்லைட் குடும்பத்துக்குள் தேடுவதே சரியான வழி. கீறல் மெல்லியதாக இருந்தால் பழைய பிஸ்டனை நுண்ணிய தேய்ப்புத்தாளால் சமன்செய்து ரிங்கை மட்டும் மாற்றினாலே போதும்.

பதில்: நான்காம் பல்

செயின் பக்கம் நான் சொல்கிறேன், ஏனெனில் கைகாலைப் பறிப்பது இந்தப் பக்கம்தான்.

செயினில் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கேஜ், டிரைவ் லிங்க் (பார் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை என்ற மூன்றும் பார்க்க வேண்டும். பிட்ச் ஸ்ப்ராக்கெட்டோடும் பாரின் மூக்குச் சக்கரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். கேஜ், பார் பள்ளத்தின் அகலம். 0.404 அங்குல ஸ்ப்ராக்கெட்டில் மூன்றெட்டு அங்குலச் செயினைப் போடுவது செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். ஸ்ப்ராக்கெட்டில் 0.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வேறு பாரைப் பொருத்தும்போது போல்ட் பள்ளம் பொருந்தினாலும், எண்ணெய்த் துளையும் செயின் இறுக்கும் ஊசியின் துளையும் நேரே அமையாமல் போகலாம். எண்ணெய் வராத பார் சில நிமிடங்களில் நீலம் பாய்ந்துவிடும். வெள்ளைத் தாளுக்கு எதிரே செயினை ஓட்டினால் எண்ணெய்க் கோடு தெறிக்க வேண்டும்.

மாற்றுப் பொருளோ சொந்த வேலைப்பாடோ கூடாத இடங்கள் என்று நான் கருதுபவை இவை: விரிசல் விட்ட கிளட்ச் டிரம்மை வெல்டிங் செய்யாதீர்கள், துடுப்பு உடைந்த பிளைவீலை ஒட்டவைத்து ஓட்டாதீர்கள், அறுந்த செயினை, வேறு நிறுவனத்தின் வேறு வகை லிங்கைப் போட்டு இணைக்காதீர்கள். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் பொருள் சிதறினால், மெல்லிய உறை அதைத் தடுக்காது. செயின் பிரேக் 1970-களில்தான் பரவலாகியது. உங்கள் செயின்சாவில் அது இல்லாததால், கிக்பேக்கை (பாரின் மூக்கு பட்டதும் செயின்சா மேல்நோக்கி எகிறுவதை) குறைக்கும் பம்பர் லிங்க் உள்ள செயினையே தேர்ந்தெடுங்கள், பாரின் மூக்கு மேல்பகுதியால் எதையும் தொடாதீர்கள்.

எரிபொருள் பற்றி ஒரு சொல். பழைய லேபிளில் 16:1 என்று இருந்தால், அது அக்காலத்து எண்ணெய்க்காக எழுதப்பட்டது. ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தர அளவுகோல்) தரமுள்ள இன்றைய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை 32:1 விகிதத்தில் கலப்பது போதுமானது. எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும் என்பதால், விகிதத்தை மாற்றும்போதெல்லாம் கார்புரேட்டரை மறுபடி டியூன் செய்ய வேண்டும். சீல் மாற்றியபின் கார்புரேட்டரின் எச் (அதிவேகக் கலவை), எல் (குறைவேகக் கலவை) ஸ்க்ரூக்களை ஒவ்வொரு சுற்று திறந்து தொடங்குங்கள். சுமையின்றி முழு வேகத்தில் எஞ்சின் சற்றுத் திக்கித் திக்கி ஓட வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தத் திக்கல் மறைந்து ஒலி தெளிவடைய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கூர்மையாகக் கீச்சிட்டால் எச் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்துவிட்டு மறுபடி கேளுங்கள். வேலை முடிந்ததும் டாங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள். எத்தனால் ஈர்க்கும் நீர் மக்னீசிய டாங்கின் அடியில் தங்கினால் அது வெண்தூளாக அரித்துக்கொண்டே போகும்.